1570 சட்டம் எதைத் தடுத்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரேசில் பழங்குடியினரை அடிமைப்படுத்தும் வழக்கத்தை 1570-இல் போர்ச்சுகல் மன்னர் செபஸ்தியான் ஒழித்துவிட்டதாகத் தங்கள் நாளிதழ்க் கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. மார்ச் 20 தேதியிட்ட அந்தச் சட்டம் தடை விதித்த கையோடு விலக்கும் அளித்தது. மன்னரோ ஆளுநரோ அனுமதித்த ‘நியாயமான போரில்’ பிடிபட்டவர்களை அடிமையாக்கலாம். போர்ச்சுகீசியரையோ பிற பழங்குடியினரையோ தாக்கித் தின்பவர்கள் என்று சொல்லப்பட்டவர்களையும் அடிமையாக்கலாம். இதற்கு அய்மோரே மக்களைப் பெயர் சொல்லியே சுட்டியது சட்டம். பிடித்தவர்களை இரண்டு மாதங்களுக்குள் அரசுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும், தவறினால் அவர்கள் விடுதலை பெறுவார்கள் என்ற நல்ல விதியும் அதில் உண்டு. ஆனால், போர் நியாயமானதா என்று முடிவு செய்யும் அதிகாரம், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடி அலைந்த குடியேறிகளின் நடுவே இருந்த ஆளுநரின் கையிலும் இருந்தது.

அந்த அதிகாரம் என்ன செய்யும் என்பதை 1562-லேயே பார்த்தாயிற்று. கயெத்தே என்ற பழங்குடி இனத்தார் 1556-இல் பிஷப் சார்டின்யாவைக் கொன்றதற்காக அந்த இனம் முழுவதையும் அடிமையாக்கலாம் என்று ஆளுநர் மெம் தி சா அறிவித்தார். சேசு சபையினரின் கிராமங்களில் அமைதியாக வாழ்ந்த கயெத்தே மக்களையும் குடியேறிகள் பிடித்துச் சென்றார்கள். யார் கயெத்தே, யார் இல்லை என்று எவர் பார்த்தார்?

‘ரெஸ்காத்தே’ எனும் மீட்பு முறை இன்னும் கொடியது. எதிரிகள் கட்டிவைத்திருக்கும் கைதியை விலைகொடுத்து ‘மீட்டால்’, மீட்டவருக்கு அவர் உழைக்கவேண்டும். கைதிக்கு விலை கிடைக்கும் என்றானதும் கைதிகளுக்காகவே சண்டைகள் மூண்டன.

1609 சட்டம் எல்லாப் பழங்குடியினரும் சுதந்திரர் என்றது. குடியேறிகள் கொந்தளித்தார்கள், 1611-இல் போர்க்கைதி விலக்கும் மீட்பும் திரும்பின. 1680-இல் மீண்டும் தடை, 1684-இல் பிரேசிலின் மரன்யாவில் குடியேறிகளின் பெக்மான் கலகம், 1688-இல் மீண்டும் ‘மீட்பு’ முறைக்கு அனுமதி.

1757-இன் ‘திரெத்தோரியோ’ ஆணை பாதிரியார்களுக்குப் பதிலாக அரசு இயக்குநர்களைக் கிராமங்களில் அமர்த்தி, அங்கு விளைவதில் ஆறில் ஒரு பங்கை அவர்களுக்கே ஊதியமாக்கியது. மக்களிடம் எவ்வளவு வேலை வாங்கப்படுகிறதோ, இயக்குநர்களுக்கு அவ்வளவு வரவு. அந்த ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

1808-இல் போர்ச்சுகல் இளவரசர் ஜோவாவ், அய்மோரேக்களின் வழிவந்தவர்கள் எனக் கருதப்பட்ட பொத்தோகூதோ மக்கள்மீது போர் அறிவித்து, கைதிகளைப் பத்தாண்டுகள் வேலை வாங்க அனுமதித்தார். அந்த அனுமதி 1831-இல்தான் ரத்தானது.

எனவே, கட்டுரையில் ‘ஒழித்தார்’ என்ற சொல்லை ‘விலக்குகளோடு தடை விதித்தார்’ என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்