தீர்மானத்தை ஊர் பார்க்க ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 1 அன்று கூடவிருக்கும் கிராம சபையை முன்னிட்டு, எங்கள் பக்கத்து ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். கிராம சபையிலும் மன்றக் கூட்டத்திலும் நிறைவேறும் தீர்மானங்களை, கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள், அலுவலக வாசலில் எவரும் நின்று படிக்கும்படி ஒட்டிவிடுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிளை அஞ்சலகத்தில் அறிவிப்பு ஒட்டியவன் நான். ஆனாலும் இதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இங்கிலாந்தில் ஒரு சிற்றூரின் பேருந்து நிழற்குடை ஓரத்தில்தான்.

செவிலியராகப் பணியாற்றும் என் மகளின் பேறுகாலத்துக்காக நானும் என் மனைவியும் சஃபோக் பகுதியில் ஐந்து மாதம் தங்கியிருந்தோம். ஒரு சர்ச், ஒரு பப், ஒரு தொடக்கப் பள்ளி, அவ்வளவுதான் ஊர், கடை கிடையாது. பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்கும்போது பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாததால், நிழற்குடை அருகே கண்ணாடிக் கதவும் சிறு பூட்டும் போட்டிருந்த மரப் பலகையைத் தினமும் படித்தேன். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், நாய்க் கழிவுத் தொட்டி எங்கே வைக்கப்போகிறார்கள், காய்கறித் தோட்டத் துண்டுகளுக்கு வாடகை எவ்வளவு என்பதெல்லாம் தட்டச்சு செய்த இரண்டு தாளில் இருந்தது. பயன்பாடில்லாத சிவப்புத் தொலைபேசிக் கூண்டைத் தொலைபேசி நிறுவனத்திடம் ஒரு பவுண்டுக்கு வாங்கிப் புத்தகம் வைக்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். அந்த ஒரு பவுண்டுக்கும் அங்கே கணக்கு இருந்தது.

இதையெல்லாம் எழுதி ஒட்டியது அந்த ஊரின் பாரிஷ் கவுன்சில், நம் ஊராட்சி மன்றம் போன்றது. நம் பக்கத்து சி.எஸ்.ஐ. மக்கள் சேகரம் என்றும் கத்தோலிக்கர்கள் பங்கு என்றும் சொல்கிறார்களே, அந்தச் சொல்தான் பாரிஷ். ஆனால் ஊர்க் காரியங்களைச் சர்ச்சின் கையிலிருந்து எடுத்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்திடம் 1894-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்படைத்துவிட்டது. நம் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ஆம் ஆண்டினது. கணக்காக நூறு ஆண்டு இடைவெளி. தனக்கு இந்த ஆண்டு இவ்வளவு தேவை என்று அந்த மன்றமே முடிவுசெய்து சொல்ல, மேலே உள்ள மாவட்ட மன்றம் வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்கிறது. தன் வரிச்சீட்டில் ஊர் மன்றத்துக்கான தொகை தனி வரியில் நிற்பதால், அது எங்கே போனது என்று கேட்கும் பழக்கமும் அந்த ஊர்க்காரருக்குத் தானாக வந்துவிடுகிறது.

ஒரு மாலை மகளோடு கூட்டத்துக்கே போய்விட்டேன். அயலான் உள்ளே வரலாமா என்று தயங்கிய எனக்கு, அது சட்டம் தந்த உரிமை என்று பிறகுதான் தெரிந்தது. பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் உள்ளாட்சிக் கூட்டங்களுக்குள் வர உரிமை தரும் அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர், அப்போது புதிதாக நாடாளுமன்ற உறுப்பினராகியிருந்த, பின்னாளில் பிரதமரான மார்கரெட் தாட்சர். நாடாளுமன்றத்தில் அவருடைய கன்னிப் பேச்சே அந்த மசோதாவுக்காகத்தான். கூட்டம் நடந்த ஊர்க்கூடத்தில் உறுப்பினர்கள் ஏழு பேர், சம்பளத்துக்கு இருக்கும் எழுத்தர் ஒருவர், எங்களையும் சேர்த்துப் பொதுமக்கள் ஐந்து பேர். பழைய பெஞ்சைப் பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா என்று இருபது நிமிடம் பேசினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்து ஒரு நடைபாதை பற்றிய பேச்சு வந்தபோது, ஓர் உறுப்பினர் எழுந்து, அதை ஒட்டிய நிலம் தன்னுடையது என்று சொல்லி, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்தப் பொருள் முடிந்து கூப்பிடும் வரை அவர் நடையிலேயே நின்றுகொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மைத்துனர் பெயரில் ஒப்பந்தம் எடுப்பவர்களைக் கண்டு பழகிய எனக்கு, அந்த மனிதர் கோட்டோடு நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

அடுத்த வாரம் பலகையில் அந்தக் கூட்டத்தின் குறிப்பு வந்துவிட்டது. ‘பொதுமக்கள் 5’ என்று இருந்தது. அந்த ஐந்தில் ஒன்று நான். வேலிச்செடி வளர்ந்து வழியை அடைக்கிறது என்று ஒரு மூதாட்டி சொல்லியிருந்தார். அதை யாரிடம் எழுத்தர் தெரிவிப்பார் என்பது வரை எழுதப்பட்டிருந்தது.

அந்த ஊரைச் சொர்க்கம் என்று எழுத வரவில்லை. உறுப்பினர் இடத்துக்குப் போட்டியிட ஆளில்லாமல், இருப்பவர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்வது அங்கே சாதாரணம். சாலையில் விழுந்த குழியை மூட, மாவட்ட மன்றத்துக்கும் மேலுள்ள கவுண்டி மன்றத்துக்கு மனு எழுத வேண்டும். வீடு கட்ட அனுமதி தருவதும் வேறொரு மன்றம், இவர்கள் கருத்துச் சொல்லலாம், அவ்வளவே. வாக்காளர் அனைவரும் கூடும் ஊர்ப்பேரவை மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையே ஆண்டுக்கு ஒரு முறைதான். நமக்கோ மார்ச் 22-ஐயும் நவம்பர் 1-ஐயும் 2022-இல் சேர்த்ததோடு ஆண்டுக்கு ஆறு கிராம சபை. குடிநீர், தெருவிளக்கு, வாறுகால் என்று அன்றாடம் தேவைப்படுபவை எல்லாம் நம் ஊராட்சியின் பொறுப்பு. அதிகாரத்தில் நாம் அவர்களுக்கு மேலே நிற்கிறோம். தாளில்தான் கோட்டைவிடுகிறோம்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஊர் திரும்பியதும் ஒரு கிராம சபைக்குப் போனேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் பந்தல், தேநீர், ஒலிபெருக்கி எல்லாம் குறைவில்லை. உட்காருவதற்கு முன்பே நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். மேல் பக்கம் வெறுமையாக இருந்தது. கீழத்தெரு வாறுகால் இரண்டு மழைக்காலமாக அடைத்துக் கிடப்பதை எழுந்து சொன்னேன். ‘எழுதிக்கிடுங்க’ என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. தீர்மான நகல் கேட்டபோது, நோட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மூன்று நடை நடந்த பிறகு, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்து வாங்கினேன். அதில் வாறுகால் என்ற சொல்லே இல்லை. ‘இதர பொருள்கள் விவாதிக்கப்பட்டன’ என்று ஒரு வரி இருந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே செயலர் வரி வசூலையும் நூறு நாள் வேலைப் பதிவேட்டையும் தண்ணீர் வராத தெருக்காரர்களின் ஏச்சையும் சேர்த்துச் சுமக்கிறார். ஆனால் ஊரார் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் அந்த ஒரு வரி அப்படி எழுதப்பட்டிருக்காது.

வாட்ஸ்அப் குழுவில்தான் போடுகிறோமே என்பார்கள். காலை வணக்கப் படங்களுக்கும் திருமண அழைப்புகளுக்கும் அடியில் அது அரை நாளில் புதைந்துவிடுகிறது. கைப்பேசி இல்லாத என் அண்ணி போன்றவர்களுக்கு அதுவும் கிடையாது. அவர் ரேஷன் கடைக்குப் போகிற வழியில் பலகையைப் படிப்பார்.

எழுதி ஊர் பார்க்க வைப்பது நமக்குப் புதிதா என்ன? திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் உள்ள மானூர்க் கோயிலில், உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுக்கு நூறாண்டுக்கும் மேல் முந்தையதான பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபையில் அமர்வோரின் தகுதியைச் சொல்வதோடு, எதற்கெடுத்தாலும் ‘அன்று, அன்று’ (அல்ல, அல்ல) என்று மறுத்துக் காரியத்தைக் கெடுப்பவருக்கு ஐந்து காசு தண்டமும் விதிக்கிறது அது. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவருக்கே இடம் கொடுத்த அந்தச் சபை நமக்கு வேண்டாம். அந்தத் தண்டம் இன்றைக்கும் இருந்தால் எங்கள் ஊரில் முதலில் பணம் கட்டுகிறவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் தீர்மானத்தைக் கோயிலுக்கு வருபவர் கண்ணில் படும்படி வெட்டி வைத்தார்களே, அதைத்தான் கேட்கிறேன். கல்லில் வேண்டாம், தாளில் போதும்.

வரும் கிராம சபையில், தீர்மானங்களை ஏழு நாளுக்குள் ஒட்ட வேண்டும் என்பதையே முதல் தீர்மானமாக வைக்கக் கேட்டு எங்கள் ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பலகைக்கு ஆகும் மரம், கண்ணாடி, பூட்டு ஆகியவற்றின் செலவு என்னுடையது. சாவி செயலரிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை அஞ்சல் அலுவலர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம்.