ஃப்ரெட் ரோஜர்ஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு: அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய செனட், பிரதிநிதிகள் அவை உறுப்பினர்களே,

வணக்கம். நான் பென்சில்வேனியாவில் குடியேறிய தமிழன். இந்த மாநிலத்தின் லட்ரோப் என்ற சிற்றூரில் பிறந்த ஒருவரைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். ஃப்ரெட் ரோஜர்ஸை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உங்களில் பலர், குழந்தைகளுக்காக அவர் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பாடிக்கொண்டே வாசலைத் திறந்து வருவார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அம்மா கையால் பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வார். 1968 முதல் 2001 வரை அதே வாசல், அதே நிதானம். அந்த ஸ்வெட்டர்களில் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பியவை விளம்பர லாபத்துக்காக நடத்தப்படாத பொது நிலையங்கள். 2025 ஜூலையில் நீங்கள் அத்தகைய பொது ஒளிபரப்புக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள். அந்தப் பணத்தை உள்ளூர் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பங்கிட்டுவந்த பொது ஒளிபரப்புக் கழகம், தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அடுத்த மாதமே அறிவித்தது. அதனால்தான் இந்த மடல்.

ரோஜர்ஸ் ஒரே நாளில் உருவானவர் அல்லர். இசை படித்துவிட்டு நியூயார்க்கில் என்பிசி என்ற தனியார் தொலைக்காட்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அதை விட்டுவிட்டு 1953இல் பிட்ஸ்பர்க்கில் அப்போதுதான் தொடங்கவிருந்த டபிள்யூக்யூஇடி என்ற கல்வித் தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்தார். அங்கே ஜோசி கேரி நடத்திய சிறுவர் நிகழ்ச்சியில் அவர் முகமே தெரியாது. திரைக்குப் பின்னால் நின்று கைப்பொம்மைகளை ஆட்டினார், ஆர்கன் வாசித்தார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும்போது சத்தம் கேட்கக் கூடாதென்று ரப்பர் அடி ஷூ போட்டார். பின்னாளில் நாடே அடையாளம் கண்ட அந்த ஷூ இப்படி வந்ததுதான். வேலைக்கு நடுவிலேயே இறையியல் படித்து 1963இல் கிறித்தவப் போதகரானார். மார்கரெட் மெக்ஃபார்லண்ட் என்ற குழந்தை உளவியலாளரிடம் பாடம் கேட்டார். பிறகு பல ஆண்டுகள் தன் நிகழ்ச்சிக்கான எழுத்தையும் பாட்டையும் அவரோடு உட்கார்ந்து பேசிச் செதுக்கினார். நாடு முழுவதும் அவர் முகத்தைப் பார்த்தபோது தொழிலுக்கு வந்து ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஓடியிருந்தன. விளம்பர வருமானத்தை நம்பியிருக்கும் எந்த நிறுவனம் ஒரு மனிதருக்கு இவ்வளவு அவகாசம் தரும்? தேசிய ஒளிபரப்புக்கு சியர்ஸ் என்ற வணிக நிறுவனத்தின் அறக்கட்டளையும் பணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் அவரை வளர்த்ததும், வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் பொது நிலையங்களே.

அந்த அவகாசத்தில் விளைந்ததைப் பாருங்கள். 1968 ஜூனில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, படுகொலை என்றால் என்ன என்று ஒரு புலிக்குட்டிப் பொம்மையின் வாயால் கேட்க வைத்து, அதற்கு இன்னொரு பாத்திரத்தின் வாயால் பொறுமையாகப் பதிலும் சொல்ல வைத்தார். செத்துப்போன மீனைத் தொட்டியிலிருந்து எடுத்துப் புதைத்து, தான் சிறுவனாக இருந்தபோது வளர்த்த நாய் செத்த துக்கத்தைச் சொன்னார். 1969இல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொட்டியில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தவர், கறுப்பினக் காவலராக நடித்த ஃபிரான்சுவா கிளெமன்ஸைத் தன்னோடு கால் நனைக்க அழைத்தார். இருவரும் ஒரே துண்டில் காலைத் துடைத்துக்கொண்டார்கள். கறுப்பினத்தவரை நீச்சல் குளங்களிலிருந்து விரட்டியடித்த காலம் அது. எந்தக் குளத்தில் யார் கால் வைக்கலாம் என்ற சண்டை தமிழ்நாட்டு ஊர்களுக்கும் புதிதல்ல. அதனாலோ என்னவோ, அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது.

அதே 1969 மே 1 அன்று உங்கள் செனட் துணைக்குழு முன்னால் அவர் வந்து உட்கார்ந்தார். பொது ஒளிபரப்புக்கான 2 கோடி டாலரைப் பாதியாகக் குறைக்க நிக்சன் அரசு நினைத்திருந்தது. குழுத் தலைவர் ஜான் பாஸ்டோர் கறாரானவர். ரோஜர்ஸ் நிகழ்ச்சியை அவர் பார்த்ததே இல்லை. எழுதி வந்ததை வாசிக்காமல் ரோஜர்ஸ் நிதானமாகப் பேசினார். கோபம் வந்தால் அதை என்ன செய்வது என்று பிள்ளைகளுக்காகத் தான் எழுதிய பாட்டின் வரிகளைச் சொன்னார். சில நிமிடங்களில் பாஸ்டோர் மனம் மாறி, அந்த 2 கோடியை நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள் என்றார். அந்தப் பதிவை இன்றும் யாரும் பார்க்கலாம். உங்களில் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும்.

பொது ஒளிபரப்பின் செய்திகள் ஒருபக்கச் சாய்வானவை என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். அந்த வழக்கைச் செய்தியோடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் நிகழ்ச்சிகளின் பணத்தையும் சேர்த்து ஏன் வெட்டினீர்கள்? பெருநகர நிலையங்கள் நன்கொடை திரட்டிப் பிழைத்துவிடும். அலாஸ்காவிலும் பழங்குடியினர் பகுதிகளிலும் உள்ள சிறு நிலையங்கள் யாரிடம் கேட்கும்?

யூடியூபில் இல்லாததா என்று கேட்கிறார்கள். என் மகள் பள்ளிக்குப் போகும் முன் ஆங்கிலம் கற்றது பொதுத் தொலைக்காட்சியில்தான், ரோஜர்ஸின் புலிக்குட்டியை வைத்து 2012இல் தொடங்கிய கார்ட்டூன் தொடர் உட்பட. வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுவோம். அந்தத் தொடர் முடிந்ததும் அவளே எழுந்து விளையாடப் போவாள். யூடியூபில் ஒரு காணொளி முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. குழந்தையை எழவிடாமல் வைத்திருப்பதில்தான் அங்கே வருமானம்.

அடுத்த நிதி ஒதுக்கீட்டில் இந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். முழுவதையும் கொடுக்க மனமில்லை என்றால், குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கும் கிராமப்புற நிலையங்களுக்கும் தனியாக ஒரு நிதி ஒதுக்குங்கள். அதை ஆண்டுதோறும் பேரம் பேசாமல், பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். உங்கள் தொகுதி நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போய், அங்கே யாருக்கு வேலை போயிருக்கிறது, எந்த நிகழ்ச்சி நின்றிருக்கிறது என்று கேட்டுவிட்டு வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு தமிழ்த் தகப்பன்