சும்மா கிடக்கும் நாற்பது முகவரிகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புதுக் குழுவின் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் வாடகைக் கணினிச் சேவை) பில் உன் பொறுப்பில் வந்தது நல்ல செய்தி. எண்களைப் பொறுமையாகப் பார்க்கிற ஆள் கையில்தான் அது இருக்க வேண்டும்.

'ஐடில் அட்ரஸ்' என்ற வரியில் மாதம் 146 டாலர் வருகிறதே, அது என்ன என்று கேட்டிருந்தாய். அதை 3.65 ஆல் வகுத்துப் பார், 40 வரும். பொது ஐபிவி4 முகவரி (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) ஒன்றுக்கு மணிக்கு 0.005 டாலர், மாதத்துக்கு 730 மணி நேரம். ஆக, 40 முகவரிகள் எந்த வேலையும் இல்லாமல் உங்கள் கணக்கில் கிடக்கின்றன. ஆண்டுக்கு 1,752 டாலர்.

இவை சேர்வதற்குக் காரணம் எளிது. இன்ஸ்டன்ஸை (வாடகைக்கு எடுத்த சர்வரை) டெர்மினேட் செய்தால், அதாவது அழித்தால், அதோடு ஒட்டியிருந்த எலாஸ்டிக் ஐபி (கணக்கில் நிலையாக எடுத்து வைத்த பொது முகவரி) கழன்றுகொள்ளும், ஆனால் கணக்கிலேயே இருக்கும். நாட் கேட்வேயை (பொது முகவரி இல்லாத சர்வர்கள் இணையத்துக்குப் போகும் பொது வாசலை) அழித்தாலும் அப்படியே. முகவரியைத் தனியாக ரிலீஸ் செய்யும் (திருப்பிக் கொடுக்கும்) வரை மீட்டர் ஓடும்.

தேடும்போது ஒன்றைக் கவனி. எலாஸ்டிக் ஐபிகளைப் பட்டியலிடும் 'டிஸ்க்ரைப் அட்ரஸஸ்' கட்டளையை ஓட்டி, அசோசியேஷன் ஐடி (முகவரி ஒன்றோடு ஒட்டியிருப்பதைக் குறிக்கும் அடையாளம்) காலியாக உள்ளவற்றை மட்டும் எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் இரண்டு வகை தப்பிவிடும். ஸ்டாப் செய்து வைத்த இன்ஸ்டன்ஸில் உள்ள எலாஸ்டிக் ஐபி ஒன்று. எந்த இன்ஸ்டன்ஸிலும் மாட்டாத நெட்வொர்க் இன்டர்ஃபேஸில் (இன்ஸ்டன்ஸை நெட்வொர்க்கோடு இணைக்கும் மெய்நிகர் அட்டையில்) இருப்பது மற்றொன்று. இரண்டுக்கும் அசோசியேஷன் ஐடி இருக்கும், காசும் போகும். கட்டளை ஒரு ரீஜனைத்தான் (ஏடபிள்யூஎஸ்ஸின் ஒரு வட்டாரத்தைத்தான்) காட்டும் என்பதால் ஒவ்வொரு ரீஜனிலும் ஓட்ட வேண்டும். அதைவிட, முகவரிகளை நிர்வகிக்கும் ஏடபிள்யூஎஸ் கருவியான விபிசி ஐபேமில் 'பப்ளிக் ஐபி இன்சைட்ஸ்' பக்கத்தைத் திற. கட்டணம் கிடையாது, முகவரிகளை வகைவாரியாகக் காட்டும்.

பட்டியல் வந்ததும் உடனே ரிலீஸ் செய்துவிடாதே. முகவரி போய்விட்டால் அது ஏடபிள்யூஎஸ்ஸின் பொதுக் குளத்துக்குப் போகும், வேறு யாருக்கும் கிடைக்கும். அதே முகவரியைக் குறிப்பிட்டு அலொகேட் செய்து (கேட்டு எடுத்து) மீட்க முயலலாம்தான், ஆனால் அதற்குள் இன்னொருவருக்குப் போயிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் டிஎன்எஸ்ஸில் (பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பில்) ஒரு ஏ ரெக்கார்ட் (ஒரு பெயருக்கு உரிய முகவரிப் பதிவு) இன்னும் அந்த முகவரியைக் காட்டினால், உங்கள் சப்டொமைனுக்கு வருகிறவர் அந்நியர் ஒருவரின் சர்வருக்குப் போய்ச் சேருவார். அவர் அந்தப் பெயருக்குச் சான்றிதழ்கூட வாங்கிவிட முடியும். மாதம் 3.65 டாலரை மிச்சம் பிடிக்கப் போய் இதில் மாட்டக் கூடாது.

அதனால் முதலில் எல்லா டிஎன்எஸ் ஜோன்களிலும் அந்த எண்ணைத் தேடு. எஸ்பிஎஃப் ரெக்கார்டையும் (உங்கள் பெயரில் எந்த முகவரிகள் மின்னஞ்சல் அனுப்பலாம் என்ற பதிவையும்) விட்டுவிடாதே. அதில் இருந்தால் அடுத்த உரிமையாளர் உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்பலாம். ரெக்கார்டை நீக்கி, டிடிஎல் (பழைய பதிவை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முடியும் வரை காத்திரு. பிறகு, வெளி நிறுவனங்களின் ஃபயர்வால் அனுமதிப் பட்டியலில் அந்த முகவரி இருக்கிறதா என்று பார். இது உங்கள் கணக்கில் எங்கும் தெரியாது, மின்னஞ்சலிலும் ஒப்பந்தத்திலும்தான் இருக்கும், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யார் அலொகேட் செய்தது என்று கிளவுட்ட்ரெயிலில் (கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்ற பதிவேட்டில்) பார்க்கலாம், ஆனால் அதன் ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாள்தான் பின்னால் போகும்.

எதிலும் ஒட்டாத முகவரிக்கு ஃப்ளோ லாக் (நெட்வொர்க் போக்குவரத்தின் பதிவு) இருக்காது. யாராவது அதைத் தட்டுகிறார்களா என்பதும் தெரியாது. சந்தேகமான ஒன்றிரண்டை மட்டும் ஒரு சின்ன இன்ஸ்டன்ஸில் ஒட்டி, சில நாள் லாக் எடுத்துப் பார். 22, 23, 3389 போர்ட்டுகளில் வருவது இணையம் முழுக்க நடக்கும் ஸ்கேன் இரைச்சல், அதை ஒதுக்கிவிடு. 443இல் (ஹெச்டிடிபிஎஸ் போர்ட்டில்) வரும் கோரிக்கையில் உங்கள் டொமைன் பெயர் இருப்பது அந்த இன்ஸ்டன்ஸின் சர்வர் லாக்கில் தெரிந்தால் யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள்.

ரிவர்ஸ் டிஎன்எஸ் (முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவு) வைத்திருந்தால் அதை முதலில் நீக்கு, இல்லாவிட்டால் ரிலீஸ் ஆகாது. டெராஃபார்மில் (கோடு எழுதி கிளவுட் வளங்களை உருவாக்கும் கருவியில்) உருவாக்கிய முகவரியைக் கையால் ரிலீஸ் செய்யாதே, கோடிலிருந்து எடுத்து அப்ளை செய். கையால் எடுத்தால் அடுத்த அப்ளையில் புது எண்ணோடு ஒன்று முளைத்து நிற்கும்.

இனி பில்லில் உள்ள 'இன்யூஸ்' வரி. 2024 பிப்ரவரி 1 முதல் பயன்பாட்டில் உள்ள பொது ஐபிவி4 முகவரிக்கும் அதே கட்டணம். ஐபிவி4இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்; அவற்றை உலக அளவில் பங்கிடும் அமைப்பான ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஆகவே இந்தக் கட்டணம் குறையும் என்று எதிர்பார்க்காதே. பெரும்பாலான கணக்குகளில் பெரிய தொகை இங்கேதான் இருக்கும் என்பது என் எண்ணம். டிஃபால்ட் சப்நெட்டுகளில் (ஏடபிள்யூஎஸ் முன்கூட்டியே அமைத்துத் தரும் நெட்வொர்க் பிரிவுகளில்) பொது முகவரி தானாக ஒட்டிக்கொள்ளும். லோட் பேலன்சருக்குப் (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவதற்குப்) பின்னால் நிற்கும் சர்வருக்கு அது தேவையே இல்லை. 2024 ஏப்ரலிலிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஸ்டன்ஸின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸிலிருந்தே அதைக் கழற்றலாம், மறுபடி உருவாக்க வேண்டியதில்லை.

ஆனால் கழற்றியதும் வெளியே போகும் வழியும் அடைபடும். பேக்கேஜ் அப்டேட், கன்டெய்னர் இமேஜ் (செயலியின் தயார்ப் பொதி) இழுப்பது எல்லாம் டைம்அவுட் ஆகும். நாட் கேட்வே வைக்கலாம் என்றால் கணக்குப் போட்டுப் பார்: வடக்கு வர்ஜீனியாவில் மணிக்கு 0.045 டாலர், மாதம் 32.85, அதற்கே ஒரு பொது முகவரி வேண்டும், 3.65. மொத்தம் 36.50, சரியாகப் பத்து முகவரிகளின் விலை. அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் இன்னொரு 0.045. ஒரு சர்வர் மாதம் சுமார் 81 ஜிபி கடத்தினாலே அதன் முகவரிக்கான சேமிப்பு கரைந்துவிடும். நாலைந்து சர்வருக்காக நாட் கேட்வே புதிதாக வைக்காதே. எஸ்3 (கோப்புச் சேமிப்பு), டைனமோடிபி (தரவுத்தளம்) போக்குவரத்தை கேட்வே எண்ட்பாயிண்ட் (இணையத்துக்குப் போகாமல் இந்தச் சேவைகளை அடையும் தனி வழி) வழியே விடு, அது இலவசம். எஸ்எஸ்ஹெச்சுக்காக (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைவதற்காக) மட்டும் பொது முகவரி வைத்திருந்தால், அதே வேலையைச் செய்யும் ஏடபிள்யூஎஸ்ஸின் செஷன் மேனேஜர் போதும், ஆனால் அதன் ஏஜென்ட்டுக்கு வெளியே போக ஏதாவது ஒரு வழி இருக்க வேண்டும்.

மறுபடி சேராமல் இருக்க, சப்நெட்டில் தானாக முகவரி ஒட்டும் அமைப்பை அணைத்துவிடு. அலொகேட் செய்யும் அனுமதியை ஒரே ஒரு ரோலுக்கு (அனுமதிகளைத் தாங்கும் அடையாளத்துக்கு) மட்டும் கொடு. ஒவ்வொரு முகவரிக்கும் உரிமையாளர் பெயரில் ஒரு டேக் கட்டாயம்.

அந்த 40இல் எத்தனை ஸ்டாப் ஆன இன்ஸ்டன்ஸ்களில் இருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்த்து எழுது. அவற்றின் டிஸ்க்குகளுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதை அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்