அடிக்கவேண்டாம் எண்டு சொன்னது சரி, அந்த நேரம் என்ன செய்யிறது எண்டும் பழக்குங்கோ

பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் திருகோணமலை மாவட்டத்தில 21 வருசமா கணிதம் படிப்பிக்கிற ஒரு ரீச்சர். பள்ளிக்கூடத்தின்ட பேர் எழுதேல்ல, ஏனெண்டா இது ஒரு பள்ளிக்கூடத்தின்ட பிரச்சினை இல்ல. ரீச்சர் பிள்ளைக்கு அடிச்சது, பெற்றார் உள்ளுக்க வந்து சண்டை பிடிச்சது எண்டு பேப்பரில வாற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும், அந்த ரீச்சர் நானா இருந்திருக்கலாம் எண்டு.

உப்புவெளியில இருந்து விடிய வெளிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி கிண்ணியாப் பாலம் தாண்டித்தான் நான் வேலைக்குப் போறது. ஒரு நாள் பஸ் பிந்திட்டுது, போய்ச் சேரேக்க வரவுப் புத்தகத்தில சிவப்புக்கோடு கீறியாச்சு, ரெண்டு ரீச்சர்மார் லீவு, என்ட பாடத்தோட ரிலீப்பும் சேர்த்து இடைவேளைக்கு முதலே மூச்சு விட நேரமில்ல. பத்தாம் தரத்தில கடைசி வாங்கில ஒரு பெடியன் மேசையில தலையை வைச்சு நித்திரை. எழுப்பினன், எழும்பேல்ல. திருப்பி எழுப்பேக்க கொப்பியைத் தூக்கி எறிஞ்சான். 38 பிள்ளையள் என்ட முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கினம். கையில இருந்த வெண்கட்டி முறிஞ்சு விழுந்தது கூடத் தெரியேல்ல, கையை ஓங்கிட்டன். அடிக்கேல்ல, ஆனா வாயால கொட்டினது அடியை விட மோசம், அவன்ட தகப்பனையும் இழுத்து ஏசிட்டன். பிறகுதான் தெரிஞ்சுது, பிள்ளை இரவு முழுக்கத் தகப்பனோட கடலுக்குப் போய் வலை இழுத்துப்போட்டு உடம்பைக் கழுவிக்கொண்டு நேரா பள்ளிக்கூடம் வந்தது எண்டு. அடுத்த நாள் தாய் வந்து அதிபரின்ட அறையில சத்தம் போட நானும் சத்தம் போட, அவர் ரெண்டு பேரையும் வெளியில போய்க் கதையுங்கோ எண்டுட்டார். அவரையும் நான் குறை சொல்லேல்ல, அவருக்கும் இதை ஒருத்தரும் பழக்கேல்ல.

உடல் தண்டனை கூடாது எண்டு கல்வி அமைச்சு 2005லயே 17ஆம் இலக்க சுற்றறிக்கை விட்டது, 2016ல திருப்பி 12ஆம் இலக்கத்தில விட்டது. ரெண்டும் நல்ல சுற்றறிக்கை, நான் முழுமனசா ஏற்றுக்கொள்ளுறன். ஆனா பிரம்பைக் கீழ வை எண்டு சொன்ன ஆக்கள் வெறுங்கையோட நிக்கிற ரீச்சருக்கு என்ன பழக்கினவை? பயிற்சிக் காலத்தில நாங்கள் பியாஜே, எரிக்சன் எண்ட உளவியல் அறிஞர்மார் பிள்ளையளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பாடமாக்கிச் சோதினையில எழுதினனாங்கள். கொப்பி பறந்து வந்தா அடுத்த பத்து செக்கனில என்ன செய்யிறது எண்டு ஒரு நாளும் பழகேல்ல.

பிறகு எனக்குப் பழக்கினது ரிட்டயராகப்போற ஒரு மூத்த ரீச்சர். கூட்டாளிமாருக்கு முன்னால வைச்சு மோதினா அந்தப் பெடியனால பின்வாங்கேலாது பிள்ளை, உன்னாலயும் ஏலாது எண்டு அவ சொன்னா. கோவம் வாற நேரம் நெஞ்சு அடிச்சு, உடம்பு சண்டைக்கு ரெடியாகிடும், அப்ப யோசினை வேலை செய்யாது, அதால முதல் மூச்சை உள்ளுக்க எடுத்ததை விட நீளமா மெதுவா விடு, நெஞ்சடிப்பு இறங்கும். வகுப்புக்கு ஒரு கணக்கைக் குடுத்திட்டு அவனுக்குப் பக்கத்தில போய் மெல்லிய குரலில "இடைவேளைக்குக் கதைப்பம்" எண்டு மட்டும் சொல்லு, அங்கயே தீர்ப்புச் சொல்லாத. இடைவேளைக்கு வேப்பமரத்துக்குக் கீழ முகத்துக்கு முகம் நிக்காம பக்கத்தில இருத்திக் கதை, முதல் கேள்வி "ஏன் செய்தனி" எண்டு இருக்கக்கூடாது, "சாப்பிட்டியா" எண்டு இருக்கோணும். இவ்வளவுதான். இதைச் சும்மா கேட்டா வராது ஐயா, வாயால சொல்லிச் சொல்லிப் பழகினாத்தான் அந்த நேரம் வாய்க்கு வரும்.

எங்கட மாவட்டத்தில இது இன்னும் அவசியம். 2004 சுனாமி, 2009 வரைக்கும் யுத்தம், 2020ல கொரோனா, 2022ல எண்ணெய் இல்லாத காலம், எல்லாத்திலயும் பிள்ளையளைத் தேற்றினது இதே ரீச்சர்மார்தான், அவையைத் தேற்ற ஆர் இருந்தது? தமிழ், சிங்களம், முஸ்லிம் எண்டு மூண்டு சனமும் இருக்கிற இடம், பிள்ளையளுக்குள்ள வாற சின்னச் சண்டை ஒண்டு வெளியில போனா வேற கதையாகிடும். உலக சுகாதார அமைப்பு 2019ல பேர்ன்அவுட் (வேலையால உடம்பும் மனமும் களைச்சு விட்டுப்போறது) எண்டுறதை ஒரு நோயா இல்லாம, வேலைத்தலத்தில நெடுக இருக்கிற அழுத்தத்தைக் கவனிக்காம விட்டதால வாற நிலை எண்டுதான் சொன்னது. அப்ப களைச்சுப்போன ரீச்சரைப் பார்த்து உனக்குப் பொறுமை காணாது எண்டு சொல்லுறது நியாயமில்ல.

வலயக் கல்விப் பணிமனைகளிட்ட கேக்கிறது இதுதான். மண்டபத்தில இருநூறு பேரை இருத்தி பவர்பொயின்ட் காட்டி சாப்பாட்டுப் பார்சல் குடுத்து அனுப்புற செயலமர்வு வேண்டாம். பதினைஞ்சு பேர் வட்டமா இருந்து, ஒரு ஆள் பிள்ளையா ஒரு ஆள் பெற்றாரா நடிச்சு, பிழை விட்டு திருப்பிச் செய்யிற மாதிரி வையுங்கோ, ஒரு மாசம் கழிச்சு அதே பதினைஞ்சு பேரையும் திருப்பிக் கூப்பிட்டு என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. முதல் தொகுதியில அதிபர்மாரையும் பிரதி அதிபர்மாரையும் போடுங்கோ. சனிக்கிழமையில வைக்கிறதெண்டா அதுக்குப் பதில் லீவும் குடுங்கோ, வீட்டில எங்களுக்கும் பிள்ளையள் இருக்கினம். தாங்கேலாம இருக்கிற ரீச்சர்மாருக்கு 1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கெண்டதை ஸ்ராப் ரூமில ஒட்டி வையுங்கோ, கன பேருக்குத் தெரியாது.

அந்தப் பெடியனிட்ட மன்னிப்புக் கேட்டிட்டன், இப்ப பதினொராம் தரம், முன்வாங்கில இருக்கிறான். தாயிட்ட இன்னும் கேக்கேல்ல, எப்பிடித் தொடங்கிறது எண்டு தெரியேல்ல. வாற தவணை லீவுக்குள்ள இப்பிடி ஒரு பயிற்சி தொடங்கினா முதல் பேரா என்ட பேரைப் போடுங்கோ.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.