வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். உங்கள் புத்தாண்டுக் கச்சேரியைத் தொலைக்காட்சியில் விடாமல் பார்க்கும் தமிழ் ரசிகர்களில் நானும் ஒருவன். உங்கள் வாசிப்பில் குறை சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? நான் கேட்க வந்தது நீங்கள் போடும் ஓட்டைப் பற்றி.

1842 மார்ச் 28 அன்று ஓட்டோ நிக்கோலாய் நடத்திய முதல் கச்சேரியிலிருந்து கணக்கிட்டால் உங்களுக்கு வயது 180-ஐத் தாண்டிவிட்டது. வியன்னா அரசு ஓபரா என்ற இசை நாடக அரங்கின் இசைக்குழுவில் இடம்பிடித்து, அங்கே மூன்று ஆண்டுகள் வாசித்துத் தேறியவர்தான் உங்கள் சங்கத்தில் சேர விண்ணப்பிக்க முடியும். சேர்ந்த பிறகு அவரே முதலாளி, அவரே தொழிலாளி. 1933-க்குப் பின், கோலசைத்து இசைக்குழுவை வழிநடத்தும் நிரந்தர நடத்துனரும் உங்களுக்குக் கிடையாது. யார் வந்து கோலைப் பிடிப்பது என்பதை வாசிப்பவர்களே தீர்மானிக்கிறீர்கள். கேட்கவே பொறாமையாக இருக்கிறது. ஆனால் மேலே ஒருவர் இல்லாவிட்டால் பழியைப் போடவும் ஆள் இல்லை, பாருங்கள்.

அன்னா லெல்கெஸ் என்ற பெண் 1971 முதல் உங்களோடு ஹார்ப் என்ற யாழ் போன்ற வாத்தியத்தை வாசித்தார். உறுப்பினராக அல்ல, நிகழ்ச்சித் தாளில் பெயர் கூட இல்லாமல். பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் ஓட்டுப் போட்டது 1997 பிப்ரவரி 27-ல். அமெரிக்கப் பயணம் நெருங்கிக்கொண்டிருந்தது, அங்கே எதிர்ப்புக் கிளம்பியிருந்தது. அதன் பிறகுதான் அவர் உங்கள் முதல் பெண் உறுப்பினர் ஆனார். 26 ஆண்டுகள் கூடவே வாசித்தவரை எந்த அரசரும் அமைச்சரும் வெளியே நிறுத்தவில்லை.

பெண் நடத்துனர் சிமோன் யங் கதை இன்னும் விசித்திரம். 1993-லேயே வியன்னா அரசு ஓபராவில் அவர் நடத்தினார். அங்கே மேடைக்கு முன்னால் இசைக்குழுவுக்கான குழியில் உட்கார்ந்து வாசிப்பது உங்கள் ஆட்கள்தானே? உங்கள் சொந்தக் கச்சேரிக்கு அவரை அழைக்க 2005 ஆனது. அரசாங்கத்தின் வீட்டில் முடிந்தது, உங்கள் வீட்டில் முடிய மேலும் 12 ஆண்டுகள்.

பெண்கள் வந்தால் மரபு கெட்டுவிடும் என்ற கவலையும் எனக்குப் புரியவே செய்கிறது. வேறெங்கும் அரிதாகிவிட்ட பழைய வியன்னா ஹார்ன், ஓபோ என்ற ஊதுகருவிகளையும் ஆட்டுத்தோல் போர்த்திய டிம்பனி முரசையும் பிடிவாதமாக வைத்திருப்பவர்கள் நீங்கள். அந்தப் பிடிவாதத்துக்கு என் கும்பிடு. ஆனால் 2011 முதல் அல்பேனா டனைலோவா என்ற பெண் உங்கள் கான்சர்ட் மாஸ்டர்களில், அதாவது முதன்மை வயலின் கலைஞர்களில், ஒருவராக முதல் நாற்காலியில் அமர்கிறார். அந்த ஒலி எங்கும் போய்விடவில்லை.

கசப்பான விஷயத்தையும் நீங்கள் எதிர்கொண்டிருக்கிறீர்கள். 1881 முதல் கான்சர்ட் மாஸ்டராக இருந்த ஆர்னோல்ட் ரோசே, யூதர் என்பதால் 1938-ல் வெளியேற்றப்பட்டு லண்டனில் அகதியானார். உங்கள் சக கலைஞர்கள் ஐவர் நாஜி முகாம்களில் மாண்டார்கள். 1942-ல் இசைக்குழுவின் 123 பேரில் 60 பேர் நாஜிக் கட்சி உறுப்பினர்கள். உலகமே கொண்டாடும் புத்தாண்டுக் கச்சேரிகூட 1939 டிசம்பர் 31-ல், அந்த ஆட்சியின் நிழலில், கிளெமென்ஸ் க்ராவுஸ் நடத்தத் தொடங்கியதுதான். 2013-ல் இதையெல்லாம் வரலாற்றாசிரியர்களைக் கொண்டு ஆராய வைத்து, நீங்களே வெளியிட்டீர்கள். தாமதம்தான், ஆனாலும் செய்தீர்கள். அந்தத் துணிச்சலை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அதே புத்தாண்டுக் கச்சேரியை இதுவரை ஒரு பெண்ணும் நடத்தியதில்லை. 2025-ல் கான்ஸ்டன்ஸ் கைகரின் வால்ட்ஸ் என்ற நடன இசையை வாசித்தீர்கள். பெண் எழுதிய இசை அந்த மேடையில் ஒலித்தது அதுவே முதல் முறை. எழுதியவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்பதால் அந்த முடிவு சுலபமாக இருந்திருக்கலாம். உயிரோடு இருப்பவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிமோன் யங்கை நீங்கள் அறிவீர்கள். 2020-ல் ஸால்ஸ்பர்க் விழாவில் மோஸார்ட்டின் ஓபராவை யோவானா மால்விட்ஸ் நடத்த நீங்கள் வாசித்தீர்கள். இனி புத்தாண்டுக்கு நடத்துனரைத் தேர்ந்தெடுக்கக் கூடும்போது, இவர்களில் ஒருவர் பெயரை யாராவது ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும். எனக்கு அந்தச் சபையில் ஓட்டு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்