வண்டி பேசுவதற்கு முன்னால் கேள்வியைப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிச் சுற்றுலா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் நடப்பது என்ன? முதலில் வண்டி பேசுகிறோம், தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறோம், ஒரே நாளில் பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி மூன்றையும் ஓட்டமாக முடித்துவிட்டு வந்து, 'செயல்திட்டம் எழுதிக்கொண்டு வா' என்கிறோம். பிள்ளை பிரவுசிங் சென்டரில் நாலு படம் பிரிண்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதற்கும் மதிப்பெண் போடுகிறோம்.

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு ஊர் போதும். தரங்கம்பாடியையே எடுத்துக்கொள்வோம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள், 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இதைக் கோட்டை வாசலில் நின்று ஒப்பிக்கவா அவ்வளவு தூரம் போகிறோம்?

அதற்குப் பதில் ஒரு கேள்வியோடு போகலாம்: இந்த ஊரில் தமிழ்ப் புத்தகம் அச்சடிக்க என்னென்ன தேவைப்பட்டது? ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை, சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். சீஸைச் சுற்றி வந்த ஈயத்தகட்டைக்கூட விடாமல் உருக்கினார்களாம்! பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் போட்டார்கள், கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் அங்கே புழங்குகிறது. புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் வந்தது.

இதில் வரலாறு மட்டுமா இருக்கிறது? எழுத்தின் உயரமும் அகலமும் பாதியானால் நூறு பக்கப் புத்தகம் எத்தனை பக்கமாகும் என்று கணக்கு சார் கேட்கலாம் (ஐம்பது என்று பாதி வகுப்பு சொல்லும், விடை இருபத்தைந்து). ஈயம் 327 டிகிரியில் உருகுவதால்தான் எழுத்து வார்ப்பது சின்னப் பட்டறையிலேயே முடிந்தது என்பது அறிவியல். ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதிய வழக்கம் அச்சுக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்று தமிழ் ஐயா தொடங்கினால் ஒரு பீரியட் போதாது.

புவியியலுக்குக் கடற்கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. பாண்டியர் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீனவப் பெரியவர்களிடம் கரை முன்பு எதுவரை இருந்தது என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். தயவுசெய்து 2004 சுனாமியில் யார் வீட்டில் யார் போனார்கள் என்று மட்டும் பேட்டி எடுக்க அனுப்பாதீர்கள், அது பிள்ளைகள் கேட்கிற கேள்வி இல்லை.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. வெயில், கழிப்பறை, சாப்பாடு எல்லாம் எந்தச் சுற்றுலாவுக்கும் உள்ளதுதான். கஷ்டம் வேறு இடத்தில். விசில் ஊதப் பி.டி. சாரை அனுப்புகிற தலைமையாசிரியர்கள், கணக்கு சாரையும் அறிவியல் டீச்சரையும் அனுப்பச் சொன்னால் 'போர்ஷன் முடியவில்லையே' என்பார்கள். முந்தின வாரமே தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எடுக்கிற நாலு பேரும் உட்கார்ந்து கேள்விகளை எழுதி, ஐந்து ஐந்து பிள்ளைகளாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால், போகிற இடத்தில் யார் எதைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப் போய்வந்த பிள்ளைகள் எழுதுவதைப் போட மாதம் ஒரு அரைப்பக்கம் ஒதுக்குவீர்களா? சார்ட் ஒட்டிய படங்களை நாங்கள் அனுப்ப மாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு பட்டதாரி ஆசிரியை,
மயிலாடுதுறை மாவட்டம்