எங்கள் வழக்கில் வக்காலத்துப் போட்டவர்களுக்கு

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயா அவர்களுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

என் தம்பி ஓட்டிய வேன் மோதி இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அந்தப் பெற்றோர் முன் தலைநிமிர எங்களுக்கு வழியில்லை. குடித்துவிட்டு ஓட்டினான் என்று மறுநாளே ஊர் முழுக்கப் பேச்சு. அவனுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று உள்ளூர் வழக்கறிஞர்கள் தீர்மானம் போட்டார்கள். நான் பதினோரு அலுவலகங்களின் படி ஏறி இறங்கினேன்.

ஐயா, நீங்கள் வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தீர்கள். வந்த அன்றே 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகலை அந்த உள்ளூர் வழக்கறிஞர்கள் முன் வைத்தீர்கள். கோவையில் போலீஸாருக்காக யாரும் வாதாடக் கூடாது என்று வழக்கறிஞர்கள் போட்ட தீர்மானம் பற்றியது அது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் அரசியல் சாசனத்துக்கும் தொழில் அறத்துக்கும் விரோதமானவை, செல்லாதவை என்று நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு சொன்னது. "விரும்பிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவில் இருக்கிறது. நல்லவனுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை" என்றீர்கள். அன்று மாலை உங்கள் வெள்ளைச் சட்டையில் யாரோ வீசிய சாணியின் கறை இருந்தது.

தம்பி குற்றமற்றவன் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை, எங்களிடம்கூட. அப்போது எனக்கு அது கோபமாகவே இருந்தது. மருத்துவரைக் குறுக்கு விசாரணை செய்தபோதுதான் விளங்கியது: ரத்த மாதிரியே எடுக்கவில்லை. போதைக்கு ஆதாரமாகக் கோப்பில் ஒரு தாள்கூட இல்லை. அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில், சாவு நேரலாம் என்று தெரிந்தே செய்ததற்குப் பத்து ஆண்டு வரை சிறை தரக்கூடிய 304(2) பிரிவு நிற்கவில்லை. கவனக்குறைவுக்கான 304ஏ பிரிவில் இரண்டு ஆண்டு. அந்தத் தண்டனையை அவன் ஏற்றுக்கொண்டான், நாங்களும்.

உங்கள் ஜூனியர் வழக்கறிஞர் அம்மாவுக்கு நன்றி. "கொலைகாரனுக்கு வக்கீலா" என்று கேட்டவர்களிடம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்ததையும், மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்ததையும் பொறுமையாகச் சொன்னவர் அவர். அந்த 19 பேருக்கு வாதாட ஆள் இல்லாமல் போயிருந்தால் என்று நினைத்தாலே நடுங்குகிறது.

வாய்தா தேதியை முதல்நாளே போனில் நினைவூட்டிய குமாஸ்தா அண்ணனுக்கும், ஜாமீனுக்காக வீட்டுப் பத்திரத்தைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்த பெரியம்மாவுக்கும், மற்றவர்கள் முகம் திருப்பியபோதும் ஐயாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்ட நீதிமன்ற வாசல் டீக்கடை அண்ணனுக்கும் நன்றி.

மார்ச் மாதம் தம்பி வெளியே வருகிறான். முதலில் உங்கள் அலுவலகத்துக்குத்தான் அழைத்து வருகிறேன், ஐயா.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா